நல்லிணக்க மன்றம்: நல்ல மனதோடு செய்யும் தவறுகள்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். கைதானவர்கள் அவரோடு அதே பள்ளியில் படித்த பையன்கள். அவர் சில நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. ஏன் என்று பள்ளியில் கேட்டபோது, சாதியைச் சொல்லித் தன்னைத் துன்புறுத்தியவர்களைப் பற்றிச் சொன்னார். அன்று இரவே வீட்டுக்கு அரிவாள் வந்தது.

சாதிப் பிரிவினையைக் குறைக்கப் பள்ளியில் நல்லிணக்க மன்றம் தொடங்குகிற ஆசிரியர்கள் இதை மறக்கக் கூடாது. பிள்ளை வாய் திறந்த பிறகுதான் ஆபத்து கூடுகிறது. அதனால், எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து "உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்" என்று கேட்பது பெரிய தவறு. அடித்தவனையும் அடிபட்டவனையும் மேடையேற்றிக் கைகுலுக்க வைப்பது அதைவிட மோசம். சாயங்காலம் இருவரும் ஒரே பேருந்தில்தானே ஊருக்குப் போக வேண்டும்? புகாரைத் தனியாகக் கேளுங்கள். யார் சொன்னது என்பது வெளியே கசியக் கூடாது. பெற்றோரிடம் பேசுங்கள். அன்று பிள்ளை யாரோடு, எந்த வழியில் வீடு போகிறது என்று பாருங்கள். மிரட்டல் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ காவல்துறைக்கோ தயங்காமல் சொல்லுங்கள். சமாதானப் பேச்சு அப்புறம்தான், அதுவும் அடிபட்ட பிள்ளை விரும்பினால் மட்டும்.

உறுப்பினர்களைச் சேர்ப்பதிலும் தவறு நடக்கிறது. நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்கள், பேச்சுப் போட்டியில் ஜெயிக்கிறவர்கள் என்று பொறுக்கி எடுத்தால், கடைசி பெஞ்சிலிருந்து பத்துப் பேரை ஆட்டிவைக்கும் பையன் வெளியே நிற்பான். அவன்தான் உள்ளே வர வேண்டியவன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் குறிஞ்சி, முல்லை என்று ஐந்திணைப் பெயரில் மகிழ் முற்றம் என்ற மாணவர் குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் சமமாக எடுத்தால், மன்றம் ஒரே தெருப் பிள்ளைகளின் மன்றமாக ஆகிவிடாது.

கையில் கட்டும் சாதிக் கயிறு விஷயத்துக்கு வருவோம். நாங்குநேரிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறும், சாதி நிறம் பூசிய சைக்கிளும் பள்ளிக்குள் கூடாது என்றது. பல இடங்களில் கயிறை அறுத்ததோடு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். அதே அறிக்கை பெரியவர்கள் பக்கமும் திரும்பியது. மாணவர்களை அகர வரிசையில் உட்கார வையுங்கள், வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு வேண்டாம், வகுப்பில் ஆசிரியர் சாதியைச் சுட்டிப் பேசக் கூடாது என்றெல்லாம் சொன்னது. ஆசிரியர் அறையில் "அவன் நம்ம ஆளா?" என்ற கேள்வி ஓடும் வரை, மாணவர்களை மட்டும் திருத்தக் கிளம்பும் மன்றத்தைப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அவர்கள் காதில் எல்லாம் விழுகிறது.

"வேற்றுமையில் ஒற்றுமை" மாறுவேடப் போட்டி நடத்துங்கள், தவறில்லை. ஆனால் அதில் தொடங்காதீர்கள். முதல் வாரம் மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளோடு போய் உட்காருங்கள். யார் தட்டு யார் பக்கத்தில் இருக்கிறது, குடிநீர்க் குழாயில் யார் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். பெயர் எழுதாமல் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் உட்கார்ந்து பாருங்கள்.