பாரிஸுக்கு வார இறுதியில் கிளம்பும் மாணவர்களுக்கு

ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ படிக்கிறீர்களா? நண்பர்களோடு பாரிஸ் கிளம்பும்போது குடியிருப்பு அனுமதி அட்டையின் அசலை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு லூவ்ர், ஓர்சே இரண்டு அருங்காட்சியகங்களிலும் நுழைவு இலவசம். கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட்டா, இலங்கை பாஸ்போர்ட்டா என்பது பிரச்சினை இல்லை. எங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. கல்லூரி அடையாள அட்டையை மட்டும் நம்பிப் போக வேண்டாம், அதில் வசிப்பிடச் சான்று கிடையாது.

இலவசம் என்றாலும் லூவ்ருக்கு இணையத்தில் நேரம் பதிவு செய்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை இரவு 9 மணி வரை திறந்திருக்கும். மதியமே பாரிஸ் போய்ச் சேர முடிந்தால் அன்று மாலையே லூவ்ரைப் பார்த்துவிடலாம். சனி, ஞாயிறு முழுவதும் ஊர் சுற்றக் கிடைக்கும். குழுவாகப் போகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆர்க் டி திரியோம்ஃப் வெற்றி வளைவு, சாந்த் ஷப்பேல் தேவாலயம் இரண்டின் கதை வேறு. அங்கே ஐரோப்பியக் குடியுரிமை இல்லாத இளைஞர்களில் பிரான்ஸில் வசிப்பவர்களுக்குத்தான் இந்தச் சலுகை. மற்றவர்கள் அந்த டிக்கெட்டுக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். சாந்த் ஷப்பேல் நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் பாதுகாப்புச் சோதனை கடுமை. கத்தி, கத்தரிக்கோல் எதுவும் பையில் வேண்டாம். அங்கிருந்து நோத்ர்தாம் தேவாலயம் நடக்கிற தூரம்தான், உள்ளே போகக் கட்டணம் இல்லை.

அப்புறம், மெட்ரோவுக்கு 26 வயதுக்குட்பட்டவர்களுக்கென்றே சனி, ஞாயிறுகளில் நாள் முழுக்கச் செல்லும் மலிவான நவிகோ பாஸ் உண்டு, கேட்டு வாங்குங்கள்.