நர்சம்மா கூட இருந்தால் எல்லோரும் மாத்திரை சாப்பிடுகிறார்கள்: கள ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், கள ஆய்வுக்குப் புதிதாகச் சேர்ந்த ஆறு பேருடன் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார்களா, இல்லையென்றால் ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதை வைத்துத்தான் பிரசாரத்தில் என்ன சொல்வது என்று முடிவாகும். முதல் நாள் சாயங்காலம் அவர்கள் நிரப்பிய படிவங்களைப் புரட்டினேன். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் நிரப்பிய படிவங்களையே திரும்பப் பார்ப்பதுபோல் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் "ஆமாம்", "ஆமாம்", "ஆமாம்".

எத்தனை வீடு எடுப்பது, ஒப்புதல் எப்படி வாங்குவது, விடுபட்ட கட்டங்களை எப்படிச் சரிபார்ப்பது என்பதெல்லாம் பயிற்சியிலேயே வந்துவிடும். அவற்றை இங்கே எடுக்கவில்லை.

நர்சம்மாவோடு போவது

இந்த ஒன்றுக்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். பதிவேடு அவர் கையில் இருக்கிறது, அவர் கூட வந்தால் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். அதனால் அவரோடேயே போகிறோம். வாசலில் நின்று, "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்கிறோம். அந்தப் பெண் நம்மைப் பார்ப்பதில்லை. செவிலியரைப் பார்த்துத்தான், "சாப்பிடறேங்க" என்கிறார்.

வேறு என்ன சொல்ல முடியும்? மாத்திரை கொடுத்தவரே எதிரில் நிற்கிறார். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்குப் பதிவு செய்வதற்கும் அவரிடம்தான் போயாக வேண்டும்.

என் முதல் ஆய்வில் ஏறக்குறைய எல்லோரும் சாப்பிடுவதாகச் சொன்னார்கள். ஆனால் அவர்களுடைய பரிசோதனை அட்டைகளில் ஹீமோகுளோபின் 8, 9 என்றுதான் இருந்தது. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "மாத்திரை சாப்பிடுகிறார்கள், உணவில்தான் சத்து போதவில்லை" என்று அறிக்கை எழுதினோம். அதன்படியே முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கேழ்வரகும் சுவரெங்கும் வரையப்பட்டன. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். ஒதுக்கிய பணம் முழுவதும் அதில் போனது.

நான்கு மாதம் கழித்து வேறு வேலையாக அதே ஊருக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. முன்பு படிவம் நிரப்பிய ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினேன். கையில் படிவம் இல்லை, கூடச் செவிலியரும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு அப்போது எட்டாவது மாதம். பேசிக்கொண்டே இருந்தவர், எரவாணத்தில் கையை விட்டு ஒரு கேரிபேக்கை உருவினார். உள்ளே அட்டை அட்டையாக மாத்திரை. முக்கால்வாசி பிரிக்கவே இல்லை. "போட்டா குமட்டுது. வெளிக்குப் போனா கறுப்பா போவுது, பயமா இருக்கு. புள்ள பெரிசாயிடும், அப்புறம் ஆபரேசன்தான்னு அத்தை சொல்றாங்க" என்றார்.

பிரசாரத்துக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பேச்சிலேயே இருந்தது. கறுப்பாகப் போவது இரும்புச்சத்தால்தான், அதனால் கெடுதல் இல்லை. குமட்டினால் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது போட்டுக்கொள்ளலாம். டீ குடிக்கும் நேரத்திலும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடக் கூடாது. இவ்வளவையும் மருமகளிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தால் போதாது, அத்தையிடமும் உட்கார்ந்து பேச வேண்டும். தினம் ஒன்றாக 180 நாள் போட வேண்டிய மாத்திரை அது. அந்தப் பெண் நான்கு மாதத்தை இழந்திருந்தார். அந்த நான்கு மாதமும் நாங்கள் ஊருக்கே முருங்கைக்கீரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இத்தனை வருஷமாக மாத்திரை கொடுத்தும் இந்த நிலை என்றால், கொடுத்ததற்கும் விழுங்கியதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தானே நம்மை அனுப்புகிறார்கள்?

செவிலியர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவரிடம் அனுமதியோடு பட்டியல் வாங்குங்கள், வழி கேளுங்கள், அப்புறம் தனியாகப் போங்கள். "சாப்பிடறீங்களா?" என்று தொடங்காதீர்கள். "சில பேருக்கு இந்த மாத்திரை ஒத்துக்கலைன்னு சொல்றாங்க, உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டால், இல்லை என்று சொல்ல அவருக்கு இடம் கிடைக்கும். பேச்சு கொஞ்சம் சகஜமான பிறகு, அட்டையைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். சம்மதித்தால் மிச்சத்தை எண்ணி, வாங்கிய தேதியோடு ஒப்பிடுங்கள். வீட்டில் மாமியார் இருந்தால் இரண்டு பேராகப் போவது நல்லது. ஒருவர் திண்ணையில் அவரோடு பேசட்டும், மற்றவர் உள்ளே பேசட்டும். திண்ணைப் பேச்சையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

"இரத்தசோகை பற்றி அறிவீர்களா?"

ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "ரத்தம் கம்மி" என்பார்கள், "8 பாயிண்ட்தான் இருக்குன்னாங்க" என்பார்கள். தன் பாயிண்ட்டை மனப்பாடமாகச் சொல்லும் பெண், படிவத்தின் சொல் புரியாமல் "தெரியாதுங்க" என்கிறார். அறிக்கையில் அது "விழிப்புணர்வு இல்லை" என்று ஏறிவிடுகிறது. கேள்வியை எழுதும் முன் இரண்டு நாள் ஊரில் உட்கார்ந்து பேச்சைக் கேளுங்கள்.

பகல் 11 மணிக்குப் போவது

நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் விடுபடுவார்கள்.

ஊர் மண்டபத்தில் கூட்டம் போடுவது

காலனிப் பெண்கள் அங்கே வர மாட்டார்கள். வந்தாலும் ஓரமாக நின்றுவிட்டுப் போவார்கள். அவர்கள் இடத்துக்கு நாம் போய், தனியாக ஒரு கூட்டம் வைக்க வேண்டும். ஊரில் ஒன்று போட்டுவிட்டு "கிராமத்தின் கருத்து" என்று எழுதுவது பொய்.

வீட்டைக் கேட்பது

"உங்கள் வீட்டில் கழிப்பறையைப் பயன்படுத்துகிறீர்களா?" என்றால் வீட்டுத் தலைவர் ஆமாம் என்பார். வட இந்தியாவில் கழிப்பறைப் பயன்பாடு பற்றி நடந்த ஸ்குவாட் ஆய்வில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்டார்கள். செயல்படும் கழிப்பறை இருந்த வீடுகளில் 40 சதவீதத்துக்கும் மேல், குறைந்தது ஒருவராவது வெளியே போய்க்கொண்டிருந்தார். மாத்திரையோ கழிப்பறையோ, ஆள் ஆளாகத்தான் கேட்க வேண்டும்.

பொதுவாகக் கேட்பது

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகளால் தமிழ்நாட்டில் பல பெற்றோர் தயங்கினார்கள். தடுப்பூசி நல்லதா என்று கேட்டிருந்தால் அவர்களில் பெரும்பாலோர் நல்லது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் மனதில் இருந்த கேள்விகள் வேறு: சின்ன வயசிலேயே போட்டாச்சே, மறுபடி எதுக்கு? ஏன் பள்ளிக்கூடத்தில்? 9 மாதம் முதல் 15 வயது வரை ஏன் எல்லோருக்கும்? இந்த ஊசி, இந்த இடம், இந்தத் தேதி என்று குறிப்பாகக் கேட்டால்தான் தயக்கம் வெளியே வரும்.

ஐந்து கட்ட அளவுகோல்

ஒரு கருத்தைச் சொல்லி, "முழுமையாக உடன்படுகிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரை ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இது. "ஓரளவு உடன்படுகிறேன்" என்று யாரும் பேசுவதில்லை. விட்டுவிடுங்கள்.

சுவரொட்டியைக் காட்டி "பிடிச்சிருக்கா?" என்பது

"நல்லா இருக்குங்க" என்றுதான் பதில் வரும். "இதுல என்ன போட்டிருக்குன்னு உங்க தங்கச்சிக்கு எப்படிச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். போன மாதம் அப்படிக் கேட்கச் சொன்னோம். சுவரொட்டியில் மாத்திரை அட்டையும் பக்கத்தில் கொழுகொழு குழந்தையும் இருந்தன. ஆறு மாதக் கர்ப்பிணி ஒருவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதச் சாப்பிட்டா புள்ள இவ்ளோ பெரிசா வரும்னு போட்டிருக்கு" என்றார். இன்னும் அச்சுக்குப் போகவில்லை. மறுநாளே படத்தை மாற்றினோம்.