பால் கவர், கல்யாண பத்திரிகை, உடைஞ்ச குடை: வீட்ல கெடக்குறத வச்சே கிறிஸ்மஸ் டெக்கரேஷன்

வேஸ்ட்ல கிறிஸ்மஸ் டெக்கரேஷன்னு தேடி வீடியோ பாத்தீங்கன்னா பாதி பேரு ஒரு பழைய பாட்டில எடுத்து வச்சுகிட்டு அதுக்கு மேல க்ளிட்டர் ஷீட்டு, லேஸ், முத்து, க்ளூ கன்னுன்னு 400 ரூபாய்க்கு சாமான ஒட்டுறாங்க, அதுக்கு பேசாம கடைல ரெடிமேட் ஸ்டாரே வாங்கி தொங்க விட்ரலாம். நான் சொல்லப்போறதுக்கு நீங்க காசு போட்டு வாங்குறது ஒரு எல்இடி பல்பு, ஹோல்டர், வயரு, சின்ன டப்பா ஃபெவிகால், அவ்ளோதான். அதுவும் போன வருஷத்துது இருந்தா அது கூட வேணாம்.

ஆனா ஒரு கண்டிஷன். டிசம்பர் 20 ஆனதும் உக்காந்து யோசிச்சா நடக்காது, நவம்பர் 1லயே வீட்ல சொல்லிடணும், பால் கவர தூக்கிப் போடாதீங்க, முட்டை அட்டை வேணும், பழைய பத்திரிகைய எடைக்குப் போட்றாதீங்கன்னு. எங்க அம்மா மொத வருஷம் "வீடா குப்பைக்கெடங்கா"ன்னு கத்துனாங்க, இப்ப அவங்களே பக்கத்து வீட்டுல இருந்தும் வாங்கி வைக்கிறாங்க.

மொதல்ல ஸ்டார். நாங்க தூத்துக்குடி, எங்க தெருவுல நவம்பர் கடைசில இருந்தே ஒவ்வொரு வீடா ஸ்டார் ஏறிடும். பிரச்சனை என்னன்னா நம்ம ஊருக்கு மழையே அந்த நேரத்துலதான். கலர் பேப்பர்ல ஒட்டுன ஸ்டாரு ஒரு நாள் மழைக்கு ஊறி தோசை மாவு மாதிரி ஆயிடும். 2023 டிசம்பர் 17, 18ல பெஞ்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 90 சென்டிமீட்டருக்கு மேல பதிவாச்சு, அந்த வருஷம் எங்க ஸ்டார்ல கடைசில குச்சி மட்டும்தான் மிஞ்சுச்சு. அடுத்த வருஷத்துல இருந்து பேப்பரே கெடையாது, பால் கவர்தான்.

குச்சிக்கு, வீட்ல பழைய ஒட்டடைக்கம்பு மூங்கில்ல இருந்தா அதான் பெஸ்ட். 6 அடி கம்ப மூணு துண்டா வெட்டுனா ஒண்ணு 60 சென்டிமீட்டர் வரும், ஒவ்வொரு துண்டையும் அரிவாள வச்சு நாலா பிளந்தா மொத்தம் 12 பட்டை. பத்து பட்டை ஸ்டாருக்கு, மிச்சம் ரெண்ட 12 சென்டிமீட்டர் துண்டா நறுக்கி வச்சுக்கோங்க, அதுல அஞ்சு போதும். பிளந்த மூங்கில் கைய அறுத்துடும், சிராய் ஏறுனா ரெண்டு நாளைக்கு எரியும், அதனால ஓரத்த கத்தியால சீவிட்டு அப்பறம் புள்ளைங்க கைல குடுங்க. மூங்கில் இல்லையா, தேய்ஞ்ச விளக்குமாத்துல இருந்து ஈர்க்குச்சிய உருவி அஞ்சாறு சேத்து நூலச் சுத்துனாலும் ஓகே, ஆனா அது கொஞ்சம் வளையும், சின்ன ஸ்டாருக்குதான் தாங்கும்.

இப்ப கை எடுக்காம பேப்பர்ல ஸ்டார் போடுவோம்ல, அதே மாதிரி அஞ்சு பட்டைய தரைல அடுக்கி அஞ்சு முனையையும் கட்டுங்க. கட்டுறதுக்கு பழைய சைக்கிள் ட்யூப நீளமா கிழிச்சு வச்சுக்கோங்க, நூலு வழுக்கும், ரப்பர் கப்புனு பிடிக்கும். அப்பறம் நடுவுல பட்டைங்க ஒண்ண ஒண்ணு தாண்டுற எடம் அஞ்சு வரும், அங்கயும் கட்டணும். கண்ணால பாத்து கட்டுனா ஸ்டாரோட ஒரு கை நீளமா ஒரு கை குட்டையா கோணிக்கும், அதனால ஒவ்வொரு பட்டைலயும் ரெண்டு முனைல இருந்தும் 23 சென்டிமீட்டர்ல பேனாவால ஒரு கோடு போட்டுக்கோங்க, நடுவுல 14 மிஞ்சும். அந்த கோடும் கோடும் சேர்ற எடத்துல கட்டுனா ஸ்டாரு கரெக்டா வந்து நிக்கும். இந்த 23 கணக்கு 60 சென்டிமீட்டர் பட்டைக்கு, உங்க பட்டை வேற அளவுன்னா நீளத்த 0.382ஆல பெருக்கிக்கோங்க.

இதே மாதிரி இன்னொண்ணு. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு அஞ்சு முனையையும் சேத்துக் கட்டிட்டு, நடுவுல பட்டை தாண்டுற அந்த அஞ்சு எடத்துலயும் 12 சென்டிமீட்டர் குச்சிய ரெண்டுக்கும் நடுவுல நிக்க வச்சு கட்டுங்க. மொத குச்சி நிக்கவே நிக்காது, சரிஞ்சு சரிஞ்சு விழும், ஒருத்தர் பிடிச்சுக்கணும், மூணாவது குச்சி வந்ததும் ஸ்டாரு தானா உப்பி நிக்கும். எனக்கு இந்த வேலைலயே பிடிச்ச நேரம் அதான், தட்டையா கெடந்தது திடீர்னு வயித்த தள்ளிட்டு எந்திரிக்கும்.

பால் கவருக்கு வருவோம். ஓரத்த நறுக்குறப்ப அந்த குட்டித் துண்ட தனியா வெட்டி எறியாதீங்க, கவரோடயே ஒட்டி இருக்குற மாதிரி நறுக்குங்க, அந்த துண்டுதான் சாக்கடையெல்லாம் கெடக்குது. பால ஊத்துனதும் உடனே பச்சத்தண்ணில அலசி, ரெண்டு பக்கமும் பிரிச்சு, பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு தேச்சு, கொடில க்ளிப்பு மாட்டி காயப்போடுங்க. நான் மொத தடவ சும்மா தண்ணில முக்கி எடுத்து ஒட்டிட்டேன், மூணாவது நாள் வராண்டால ஒரு புளிச்ச நாத்தம், பல்பு போட்டா இன்னும் ஜாஸ்தியாவுது, எங்க அம்மா ஸ்டாருக்குள்ள பல்லி செத்துக் கெடக்குன்னு ஏணி போட்டு எறக்கி தேடுனாங்க. பல்லி இல்ல, பால்தான்.

ஒரு அரை லிட்டர் கவர பிரிச்சா ஒரு கைக்கு வேண்டிய முக்கோணம் தாராளமா வரும். முன்னாடி அஞ்சு, பின்னாடி அஞ்சு, சைடுல பத்து, முன்னாடி நடுவுல இருக்குற ஐங்கோணத்துக்கு ரெண்டு கவர் சேத்து ஒட்டணும், ஆக மொத்தம் 22 கவர். பின்னாடி ஐங்கோணத்த மூடாதீங்க, அதான் பல்பு போற வழி. இன்னொண்ணு, ஃபெவிகால் பால் கவர்ல பிடிக்கவே பிடிக்காது, காய்ஞ்சதும் உரிஞ்சு வந்துடும். ஓரத்த 2 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, பட்டையச் சுத்தி மடிச்சு ஸ்டேப்ளர் அடிங்க, மேல செல்லோடேப். எழுத்து இருக்குற பக்கம் உள்ள போற மாதிரி வச்சா பகல்ல வெள்ளையா இருக்கும், ராத்திரி பல்பு போட்டா எழுத்தெல்லாம் கண்ணாடில பாக்குற மாதிரி திரும்பித் தெரியும், சிலருக்கு அது அசிங்கம், எங்க தெருப் பசங்களுக்கு அத படிக்கிறதே வெளையாட்டு. வேணாம்னா உள்ள பழைய சிவப்பு துப்பட்டாவ ஒரு சுத்து விட்டுக்கோங்க.

பல்பு 5 வாட்ஸ் எல்இடி போதும். பழைய குண்டு பல்பு போட்டுறாதீங்க, 40 வாட்ஸே இருந்தாலும் அந்த சூட்டுக்கு கவர் உருகி ஒழுகும், தீப்பிடிக்கவும் செய்யும். பல்பு எந்தப் பக்கமும் ஒட்டாம நடுவுல நிக்கிற மாதிரி நூலு போட்டு அந்த அஞ்சு குச்சிலயும் இழுத்துக் கட்டுங்க. வயர நேரா ஹோல்டருக்கு விடாம கீழ ஒரு தொங்கல் விட்டு அப்பறம் மேல ஏத்துங்க, மழைத்தண்ணி வயர் வழியா வந்தாலும் அந்த தொங்கல்லயே சொட்டிடும். வயர் ஜாயிண்ட் எதுவும் வெளில நனையிற எடத்துல இருக்கக்கூடாது.

ஸ்டாருக்கு அடுத்து பத்திரிகை. வருஷத்துக்கு நம்ம வீட்டுக்கு எத்தன கல்யாண பத்திரிகை வருது, எல்லாம் நல்ல திக்கான அட்டை, தங்கக் கலர் பார்டர் வேற, கடைல அந்த பேப்பர வாங்கப் போனா ஷீட் விலைய கேட்டுட்டு திரும்பி வந்துடுவோம். ஆனா பாத்து வெட்டுங்க. பிள்ளையார் படம் போட்டது, பைபிள் வசனம் போட்டது, பேரு இருக்குற எடம் இதெல்லாம் நான் கத்திரிக்கோல் வைக்க மாட்டேன், யாராவது வீட்டுக்கு வந்தவங்க தம் புள்ள பேரு பாதியா வெட்டி தொங்குறத பாத்தா நல்லாவா இருக்கும். கவரும், பின்பக்கமும், பார்டருமே போதும். நாலு மூலைலயும் மஞ்ச தடவிருக்கும், அத நறுக்கிடுங்க, மஞ்ச பக்கத்துல இருக்குறதுலயும் ஏறும்.

இதுல உருண்டை பண்ணலாம், பாக்க ரொம்ப கஷ்டம் மாதிரி தெரியும், அப்படி ஒண்ணும் இல்ல. ஒரு பழைய வளையல வச்சு 20 வட்டம் வரைஞ்சு வெட்டுங்க. ஒரே ஒரு வட்டத்த மட்டும் ரெண்டு தடவ பாதியா மடிச்சு பிரிச்சா நடுப்புள்ளி கெடைக்கும், அந்த புள்ளிய தொடுற மாதிரி ஓரத்த ஒரு மடி, அந்த மடிப்போட முனைல இருந்து இன்னொரு ஓரம் புள்ளிய தொடுற மாதிரி இன்னொரு மடி, மிச்ச ஓரத்த மூணாவதா மடிங்க, நடுவுல கரெக்டா ஒரு முக்கோணம் நிக்கும். அந்த முக்கோணத்த வெட்டி எடுத்து மிச்ச 19 வட்டத்துலயும் வச்சு வரைஞ்சு மடிச்சா வேலை சீக்கிரம் முடியும், அந்த வெட்டுன வட்டத்துக்குப் பதிலா ஒண்ணு சேத்து வெட்டிக்கோங்க. மடிச்ச காதெல்லாம் வெளிய பாத்து நிக்கணும், காதும் காதும் ஃபெவிகால்ல ஒட்டணும். அஞ்சு சேத்து ஒரு தொப்பி, இன்னொரு அஞ்சு சேத்து இன்னொரு தொப்பி, மிச்சம் பத்தையும் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு மாத்தி மாத்தி ஒட்டுனா ஒரு பட்டை வரும், அத வளையமாக்கி மேல கீழ தொப்பிய மாட்டுங்க. கடைசி தொப்பிய ஒட்றதுக்கு முன்னாடி தொங்கவிடுற நூல உள்ள முடிச்சு போட்டு விட்ருங்க, நான் எத்தன தடவ மறந்துட்டு ஊசிய வச்சு குத்திருக்கேன்.

முட்டை அட்டைல குழிய தனித்தனியா வெட்டி கவுத்தா மணி, ஓரத்த இதழ் மாதிரி நறுக்குனா பூ. சுண்ணாம்பு அடிக்கிறப்ப மிஞ்சுன பெயிண்ட் போதும். இதப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. சிப்ஸ் கவர் உள்பக்கம் சில்வரா பளபளன்னு இருக்கும், தோரணத்துக்கு நல்லா இருக்கும், ஆனா எண்ணெய் போக சோப்பு போட்டு ரெண்டு தடவ கழுவலன்னா எறும்பு வரிசை கட்டி வந்து அதுவே தோரணமா நிக்கும். பழைய சிடிய அப்படியே தொங்க விடுங்க, வெட்டாதீங்க, கத்திரிக்கோல் வச்சா சில்லு தெறிச்சு கண்ணுக்கு வரும்.

மரம். நம்ம பக்கம் முன்னாடியெல்லாம் சவுக்கு கிளைய கொண்டாந்து மண்ணு வாளில நட்டு வைப்பாங்க, அந்த வாசனையே தனி. இப்ப ப்ளாஸ்டிக் மரம் எல்லா வீட்லயும் வந்துடுச்சு. ரெண்டும் இல்லன்னா உடைஞ்ச குடை இருக்குல்ல, துணி கிழிஞ்சு கம்பி மட்டும் நிக்கிற பெரிய கைப்பிடிக் குடை, மடக்குற குடை ஆகாது. துணிய உருவிட்டு குடைய பாதி விரிச்சு நடுக்கம்பில மேல கீழ ஓடுற அந்த உருளை அதே எடத்துல நிக்கிற மாதிரி அதுக்கு மேலயும் கீழயும் கட்டுக்கம்பிய சுத்தி இறுக்குங்க, இல்லன்னா நடுராத்திரி பட்டுனு விரிஞ்சு பக்கத்துல இருக்குறத எல்லாம் தள்ளி விட்டுடும். கைப்பிடிய பெயிண்ட் டப்பால வச்சு மணல் ரொப்பி கெட்டியா நிறுத்துனா கூம்பு மாதிரி ஒரு உருவம் கெடைக்கும். இப்ப பழைய பச்சை காட்டன் சேலைய ரெண்டு விரல் அகலத்துக்கு கிழிச்சு, சாண் நீளத்துக்கு நறுக்கி, ஒரு நீள சணல் கயித்துல நெருக்கி நெருக்கி முடிச்சு போட்டு, அந்த கயித்த கீழ இருந்து மேல வரைக்கும் கம்பியச் சுத்தி ஓட்டுங்க. சேலை கிழிக்கிறப்ப கத்திரிக்கோல் வேணாம், ஓரத்துல ஒரு வெட்டு குடுத்துட்டு கையால இழுத்தா சர்ருனு நேரா போகும். சீரியல் செட்ட சுத்துறதுக்கு முன்னாடி வயரு எங்கயாவது தோல் உரிஞ்சு இருக்கான்னு பாத்துக்கோங்க, உள்ள இருக்குறது இரும்புக் கம்பி.

கடைசியா குடில், அதான் இயேசு பொறந்த மாட்டுக்கொட்டகைய பொம்மை வச்சு காட்டுறது. எல்லாரும் தெர்மாகோல வாங்கி அறுத்து பனிமலை மாதிரி வைக்கிறாங்க, இயேசு பொறந்த பெத்லகேம் என்ன ஊட்டியா. அசிசியார், அதான் புனித பிரான்சிஸ் அசிசி, 1223ல இத்தாலில கிரேச்சோங்குற ஊர்ல குடில் வச்சப்ப ஒரு தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்ளோதான் இருந்துச்சு. கொரியர்ல வந்த அட்டைப்பெட்டிய சாய்ச்சு வச்சா கொட்டகை ரெடி. உள்ள சுருட்டி வச்சு வருமே அந்த காக்கி பேப்பரு, அத தண்ணில நனைச்சு நல்லா கசக்கி பிரிச்சு, பழைய டீத்தூள் கொதிக்க வச்ச தண்ணிய அங்கங்க தெளிச்சு, கரித்தூள தொட்டு மடிப்புல தேச்சா அச்சு அசல் பாறைதான். ஒட்டுறதுக்கு ரெண்டு ஸ்பூன் மைதாவ ஒரு டம்ளர் தண்ணில கட்டி இல்லாம கரைச்சு கிண்டி எறக்கி ஒரு சிட்டிகை படிகாரம் போடுங்க. எங்க ஆச்சி காலத்துல பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடுவாங்க, அது விஷம், புள்ளைங்க கை வைக்கிற வீட்ல வேணவே வேணாம். வைக்கோலுக்கு பழக்கடைல கேட்டா பெட்டில வந்தத சும்மாவே அள்ளித் தருவாங்க. ஆனா சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வச்சிருக்குற குருத்தோலைய மட்டும் எடுத்துறாதீங்க, அது குருத்தோலை ஞாயிறு அன்னைக்கு கோயில்ல மந்திரிச்ச ஓலை, தவக்காலம் ஆரம்பிக்கிற சாம்பல் புதனுக்கு சாம்பல் எடுக்க முன்னாடியே கோயில்ல கேப்பாங்க.

புல்லுக்கு, டிசம்பர் 14, 15 வாக்குல கேழ்வரக ராத்திரி ஊற வச்சு, காலைல தயிர் டப்பா மூடி, பழைய தட்டு எதுலயாவது கொஞ்சம் மண்ணு போட்டு நெருக்கமா தூவி, ஈரத்துணிய மூடி வைங்க. மொளை விட்டதும் துணிய எடுத்துட்டு வெளிச்சத்துல வைக்கணும், இருட்டுலயே விட்டா மஞ்சளா நெடுநெடுன்னு போய் சாஞ்சிடும். தண்ணி தெளிச்சா போதும், ஊத்துனா வெதையெல்லாம் ஒரு மூலைக்கு போய் நிக்கும். 24ஆம் தேதி ராத்திரி பூசை முடிஞ்சு வந்து குடில்ல பாலகன் இயேசுவ வைக்கிறப்ப சுத்தி பச்சைப்பசேல்னு நிக்கும், ஜனவரி மொத வாரம் வாக்குல வர்ற மூணு ராஜாக்கள் திருநாள் வரைக்கும் தாங்கும். அன்னைக்கு குடில கலைச்சதும் அந்த புல்ல அப்படியே எதுத்த வீட்டு ஆட்டுக்கு போட்ருவோம், அது இப்பல்லாம் டிசம்பர் ஆரம்பத்துல இருந்தே எங்க கேட்டுகிட்ட வந்து நிக்குது.