பாரிமுனையில் அத்தோ சாப்பிடப் போகிறீர்களா?

சென்னை பர்மா பஜாரை ஒட்டிய இரண்டாவது கடற்கரைச் சாலைக்குச் சாயங்காலம் போங்கள். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் உணவுக்குப் பேர்போன இடம் அது.

நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு வாசம் ஏறிய எண்ணெய் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்ற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போடுவார்கள். காரம் குறைவாக வேண்டுமென்றால் பிசையும் முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு ஒன்றும் செய்ய முடியாது. நின்றபடியே உடனே சாப்பிடுவதுதான் சரி. பார்சலில் பேஜோ புளித்தண்ணீரில் ஊறி நமுத்துப்போகும், நூடுல்ஸும் குழைந்துவிடும். கட்டாயம் பார்சல்தான் என்றால் பேஜோவையும் புளித்தண்ணீரையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள்.

வாழைத்தண்டு சூப்பைச் சூடாகக் கேட்டு வாங்குங்கள். கீறிய அவித்த முட்டைக்குள் பொரித்த வெங்காயம், பூண்டு அடைத்துத் தரும் முட்டை மசாலாவை விட்டுவிடாதீர்கள். அதை ஒரே வாயில் போட வேண்டும், கடித்தால் உள்ளே இருப்பது சட்டையில்தான்!