பி.ஏ. ஆங்கிலம்: குறைந்த செலவில் கல்லூரி தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் என்னிடம் யோசனை கேட்க வரும் பெற்றோர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே எங்காவது பணம் கட்டிவிட்டுத்தான் வருவார்கள். "பொண்ணு இங்கிலீஷ் லிட்ரேச்சர்தான் வேணும்னு நிக்குது சார், சீட்டு போயிடுமோன்னு கட்டிட்டோம்" என்பார்கள். ரசீதைப் பார்த்தால் வயிறு எரியும். அதே பட்டத்தை, அதே பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு, அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கைச் செலவழித்துப் பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் வாங்கியிருக்கலாம்.

அவசரத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு தவறான கணக்கு. மொத்த மதிப்பெண் குறைவு, அதனால் அரசுக் கல்லூரியில் கிடைக்காது என்று அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பி.ஏ. ஆங்கிலத்துக்கான தரவரிசை ஆங்கிலப் பாட மதிப்பெண்ணை வைத்துத்தான் போடப்படுகிறது. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண். மற்ற படிப்புகளுக்குத்தான் நான்கு முக்கியப் பாடங்களின் கூட்டுத்தொகை. கணிதத்தில் சறுக்கி, இயற்பியலில் தட்டுத்தடுமாறி, ஆங்கிலத்தில் மட்டும் 92 எடுத்த பிள்ளைக்கு இந்த வரிசையில் நல்ல இடம் இருக்கும். அப்படி ஒரு மாணவி போன வருடம் எங்கள் தெருவிலேயே இருந்தாள். மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு வீட்டில் விண்ணப்பமே போடவில்லை. எனக்குத் தெரிந்தபோது கலந்தாய்வு முடிந்திருந்தது. இன்றும் அவளைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

விண்ணப்பத்துக்கு ஆகும் செலவும் பெரிதில்லை. அண்மை ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான். அரசுக் கல்லூரிச் சேர்க்கைக்கான 'டிஎன்காசா' இணையதளத்தில் ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தேர்வு செய்யலாம். வேறெங்கு சேரப்போவதாக இருந்தாலும் இதைப் போட்டு வையுங்கள்.

அடுத்தது, கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்று கேட்காமல் விடுவது. பழைய, பெயர் பெற்ற கல்லூரிகள் பலவற்றில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு கல்லூரி இருப்பது போலத்தான். ஒன்று அரசு உதவி பெறும் பிரிவு. அங்கே ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அரசு, அதனால் கட்டணம் குறைவு. இன்னொன்று சுயநிதிப் பிரிவு. அதன் செலவு முழுக்க மாணவர் தலையில்தான். பெரும்பாலும் முன்னது காலை ஷிஃப்ட், பின்னது மாலை ஷிஃப்ட். தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, திருச்சி தூய வளனார் கல்லூரி என்று எதை எடுத்தாலும் இந்த இரண்டு பிரிவும் உண்டு. "இங்கிலீஷ் இருக்கு, வாங்க" என்று அலுவலகத்தில் சொன்னால், "எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?" என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். எய்டட் இடத்துக்குத் தனியாக நன்கொடை கேட்டால் அது சட்டப்படி குற்றம். அதற்கென்றே 1992-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது.

அரசுக் கல்லூரி என்றாலே முகம் சுளிக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரி 1840-இல் தொடங்கியது. கோவை அரசு கலைக் கல்லூரி 1852, கும்பகோணம் அரசு ஆடவர் கல்லூரி 1854, ராணி மேரி கல்லூரி 1914. ஆங்கிலத் துறைக்கு இங்கெல்லாம் நீண்ட மரபு உண்டு. இளநிலைப் படிப்புக்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது, மற்ற சிறு கட்டணங்கள் மட்டும்தான். தன்னாட்சி இல்லாத கல்லூரிகளில் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிற எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொண்டாலும் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம்தான். அப்புறம், ஆங்கில இலக்கியம் ஆய்வகம் தேவைப்படாத பாடம். புத்தகமும் நல்ல ஆசிரியரும் போதும். ஷேக்ஸ்பியரிலிருந்து டிக்கன்ஸ் வரை காப்புரிமை முடிந்த நூல்கள் இணையத்தில் இலவசம். சென்னையில் கன்னிமாராவும் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. கண்ணாடிக் கட்டடத்துக்கும் ஏ.சி. வகுப்பறைக்கும் கடன் வாங்கிக் கட்டும் பணம் இந்தப் படிப்பில் எதையும் கூட்டுவதில்லை.

"அரசுக் கல்லூரியில் சேர்ந்தால் இங்கிலீஷ் பேச வராதே" என்று சொல்பவர்கள் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். பி.ஏ. ஆங்கிலம் என்பது கவிதை, நாடகம், நாவல், விமர்சனம், மொழியியல் படிப்பது. பேச்சுப் பழக்கம் தனி. அது தினமும் பேசினால் வரும், எந்தக் கல்லூரியிலும்.

கட்டணத்தை மட்டும் பார்த்து மற்ற செலவை விட்டுவிடுவதும் தவறு. வெளியூர் கல்லூரியில் கட்டணம் குறைவு என்று சேர்த்துவிட்டு, தனியார் விடுதிக்கு மாதாமாதம் அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகள் நடத்தும் விடுதிகளில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். இவற்றுக்கு இப்போது சமூகநீதி விடுதிகள் என்று பெயர். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும். மாணவிகளுக்கு இந்தத் தூர விதி கிடையாது.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, 2022-இலிருந்து. மாணவர்களுக்கு 2024-இல் தமிழ்ப் புதல்வன் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆனால் தொலைதூரக் கல்வியில் சேர்ந்தால் புதுமைப்பெண் பணம் கிடையாது. தபாலில் படித்தால் மலிவு என்று முடிவெடுக்கும் முன் மூன்று வருடத்துக்கான 36,000 ரூபாயையும் கணக்கில் சேருங்கள். வேலைக்குப் போயே ஆக வேண்டிய பிள்ளைக்குத் தொலைதூரக் கல்வி நல்ல வழிதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) அனுமதி அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருக்கிறதே, அதை நம்பிச் சுயநிதிக் கல்லூரியில் சேர்ப்பவர்களும் உண்டு. அந்தக் கட்டணச் சலுகை பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கானது. கலைப் படிப்புக்கு அதை நம்பி இறங்காதீர்கள்.

ஆசிரியர் வேலைதான் இலக்கு என்றால் பட்டத்தின் பெயரையும் கவனியுங்கள். பி.ஏ. ஆங்கிலத்துடன் பி.எட்., அதன்பின் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் இரண்டாம் தாள் என்பதுதான் வழக்கமான பாதை. வேறு பெயரில், கூடுதல் கட்டணத்தில் விற்கப்படும் ஆங்கிலப் பட்டம் என்றால், அது அரசு வேலைக்குப் பி.ஏ. ஆங்கிலத்துக்கு இணையானதா என்று உயர்கல்வித் துறையின் இணைத்தன்மை அரசாணைகளில் தேடிப் பாருங்கள். சேர்ந்த பிறகு தேடுவதில் பயனில்லை.

பயத்தில் ஏற்கெனவே பணம் கட்டியவர்களும் கலந்தாய்வுக்குப் போகலாம். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யுஜிசி விதி. கேட்டு வாங்குங்கள். இன்னும் கட்டாதவர்கள், ரிசல்ட் வரும் முன்பே சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் எடுத்து வைத்துவிடுங்கள். மே மாதத்தில் இ-சேவை மையத்தில் நிற்க இடம் இருக்காது.