தாமதமாக வந்தவரிடம் கேட்கக் கூடாத கேள்வி

சென்ற வாரம் என் கால்நடை கிளினிக்கில் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர் ஒருவர், நாயைத் தோளில் சுமந்துகொண்டு வந்த பெரியவரிடம், "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நான் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்ததுதான் என்பதால், அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. அவரைப் போன்ற இளம் மருத்துவர்கள், விலங்கைக் கொண்டுவருபவரிடம் தவிர்க்க வேண்டிய சிலவற்றை இங்கே எழுதுகிறேன். கைபேசியை அணைத்து வையுங்கள், பெயர் சொல்லிப் பேசுங்கள் என்பவையெல்லாம் அவர்களுக்கே தெரியும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

"ஏன் இவ்வளவு தாமதம்?"

தொழிலுக்கு வந்த புதிதில், பூ விற்கும் அம்மா ஒருவர் வயர் கூடையில் துண்டு போட்டு மூடித் தம் பூனையைக் கொண்டுவந்தார். முகம் வீங்கியிருந்தது, மூச்சு வேகமாக இருந்தது. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று அவர் சொன்னதும், "இரண்டு நாளாக வேடிக்கை பார்த்தீர்களா?" என்று சீறினேன். அதன் பிறகுதான், மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டேன். "இல்லை சார்" என்றார், துண்டின் ஓரத்தைத் திருகியபடி. பூச்சிக் கடியாக இருக்கும் என்று எண்ணி, ஒவ்வாமைக்கான ஊசியைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

மாலையில் திரும்பி வந்தார். ஈறு பழுப்பாகியிருந்தது. முந்தைய இரவு காய்ச்சல் மாத்திரையில் பாதியைக் கரைத்துப் புகட்டியதாக அப்போதுதான் சொன்னார். பாரசிட்டமாலை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. இரத்தச் சிவப்பணுக்கள் உயிர்வாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும். 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே ஒரு பூனையைக் கொல்லப் போதும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன் உண்டு. நாங்கள் தொடங்கியபோது ஏறக்குறைய ஒரு நாள் கடந்திருந்தது. விடியுமுன் பூனை இறந்தது. "காலையிலேயே சொல்லியிருப்பேன் சார், நீங்கள் இன்னும் திட்டுவீர்களோ என்று பயந்துவிட்டேன்" என்றார்.

ஈற்றை நான் காலையிலேயே சரியாகப் பார்த்திருக்க வேண்டும் என்பது தனிக் கணக்கு. ஆனால் நோய் வரலாற்றைச் சொல்லக்கூடிய ஒரே வாயை என் கையாலேயே அடைத்தேன் என்பது இன்றும் எரிச்சலூட்டுகிறது. இப்போது, "கடைசியாக எப்போது நன்றாகச் சாப்பிட்டது?" என்று கேட்கிறேன்; அதிலேயே தாமதமும் தெரிந்துவிடும். பிறகு, "வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான், நீங்கள் எதைக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலோர் உறையோடு எடுத்துக் காட்டிவிடுகிறார்கள்.

செலவைக் கடைசியில் சொல்வது

பரிசோதனைக்கு முன்பே சொல்லுங்கள்.

"சரியாகிவிட்டது" என்று வாக்குக் கொடுப்பது

கன்று ஈன்ற மறுநாள், இரத்தத்தில் கால்சியம் குறைந்து வரும் பால் காய்ச்சலில் விழுந்த மாடு, கால்சியம் ஏறியதும் எழுந்து நிற்பதைப் பார்த்தால் நமக்கே பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் சில மாடுகள் ஓரிரு நாளில் மீண்டும் படுத்துவிடும். அதைச் சொல்லாமல் பையை மூடிக்கொண்டு கிளம்பினால், அடுத்த முறை மாட்டுக்காரர் நம்மைக் கூப்பிடுவதற்குள் நேரம் போய்விடும். பாட்டில் மெதுவாக இறங்கும் அந்தப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்; அப்போது அவரும் மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் இருப்பார்.

கிரியாட்டினின் எண்ணை ஒப்பித்தல்

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்த அளவு அது; சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று சொன்னால் போதும்.

"தூங்க வைத்துவிடலாம்"

கருணைக்கொலைக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். நான் ஊசியை எடுத்த பிறகு, "சாயங்காலம் வந்து கூட்டிப் போகட்டுமா?" என்று ஒருவர் கேட்டார், அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கப் போகிறேன் என்று அவர் நினைத்திருந்தார். இறந்துவிடும் என்ற சொல்லை ஒரு முறையாவது தெளிவாகச் சொல்லி, அவர் புரிந்துகொண்டதை அவர் வாயாலேயே கேட்டு, அதன் பிறகு கையெழுத்து வாங்குங்கள். கட்டணத்தையும் அப்போதே முடித்துவிடுங்கள். வெறும் சங்கிலியோடு வெளியே வருபவரை மேசை முன் நிறுத்திச் சில்லறை எண்ண வைக்காதீர்கள்.