கடைக்குள் காக்கி வேண்டாம்: ஊர்க்காவல் படை நண்பர்களுக்கு ஒரு சைபர் செய்முறை

பகலில் கம்ப்யூட்டர் சர்வீஸ், ராத்திரியில் ஊர்க்காவல் படை டூட்டி என்று ஓடுகிறவர்கள் வட சென்னையில் நிறைய பேர். எம்.சி. ரோடு, கல்மண்டபம் பக்கம் கடைக்காரர்கள் எங்களை நிறுத்தி, “தம்பி, போன்ல என்னமோ வந்திருக்கு, கொஞ்சம் பாரேன்” என்று நீட்டுவார்கள். புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக, கடைக் கணக்குகளை மோசடியிலிருந்து காக்க நான் கடைகளில் செய்யும் வேலைகளை வரிசையாக இங்கே எழுதுகிறேன். ஜிமெயில், வாட்ஸ்அப் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை.

முதல் வேலை: காக்கியைக் கழற்றிவிட்டுப் போங்கள்

‘டிஜிட்டல் அரெஸ்ட்’, அதாவது போனிலேயே உங்களைக் கைது செய்துவிட்டோம் என்று மிரட்டுகிறவன் வீடியோ காலில் காக்கி போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான். (அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது.) காக்கியைப் பார்த்தால் நம் ஆட்கள் கேட்பதற்கு முன்பே பின் நம்பரைச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை நாமே வளர்க்கக் கூடாது. அதனால் சாதா உடையில் போங்கள். ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள். போனை நீட்டினாலும் வாங்காதீர்கள். எந்தப் பட்டன் என்று நீங்கள் சொல்ல வேண்டும், அழுத்துவது அவராக இருக்க வேண்டும். பாஸ்வேர்டு அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் சம்பளம் இல்லாவிட்டாலும் முழு போலீஸ் அதிகாரம் உள்ளவர்கள். நம் கதை வேறு, கடை கடையாகப் போகும் இந்த வேலையில் நாம் வெறும் தன்னார்வலர்கள்தான். மத்திய உள்துறையின் ஐ4சி (இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம்), சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் சைபர் தன்னார்வலர்களைப் பதிவு செய்துகொள்கிறது: சட்டவிரோதப் பதிவுகளைச் சுட்டிக்காட்டுபவர், விழிப்புணர்வு பரப்புபவர், நிபுணர் என்று மூன்று வகை. பதிவு செய்தவர் உள்துறையின் ஆள் என்று சொல்லிக்கொள்ளவோ, இதை வைத்துச் சம்பாதிக்கவோ கூடாது. விசிட்டிங் கார்டு அடிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் நேரம். துணிக்கடைக்கு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு போனால் கூட்டம் இருக்காது. தீபாவளிக்கு முந்தைய மாதம் எம்.சி. ரோடு பக்கம் இதற்காகத் தலைவைத்துப் படுக்காதீர்கள். காசிமேட்டு மீன் வியாபாரிகள் விடியற்காலையிலேயே வேலையை முடித்துவிடுவார்கள், முற்பகலில் போகலாம்.

இரண்டாவது: யார் கையில் என்ன இருக்கிறது

ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். கடை ஜிமெயில், வாட்ஸ்அப், யு.பி.ஐ., டாலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்), சி.சி.டி.வி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, ஓ.டி.பி. யார் போனுக்கு வருகிறது என்று மட்டும் குறிக்க வேண்டும். பாஸ்வேர்டை அந்தத் தாளில் எழுதக் கூடாது. பாதிக் கடைகளில் ஜிமெயில் வரியிலேயே பேனா நின்றுவிடும். “அது அந்தப் பையன் போட்டுக் குடுத்தது சார், இப்ப வேலையை விட்டுட்டான்.”

மூன்றாவது: ஜிமெயிலை மீட்பது

மற்ற எல்லாம் அரை மணி நேரத்தில் முடியும், இது முடியாது. கூகுள் மேப்பில் கடை, ஜி.எஸ்.டி. மெயில், சப்ளையர் பில் எல்லாம் இந்த ஒரு கணக்கில்தான் தொங்கும்.

முதலில் அந்தப் பையனுக்கே போன் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, ஓ.டி.பி.யைச் சொல்லிவிடுவான். நம்பரை மாற்றிவிட்டான் என்றால்தான் சிக்கல். விட்டுப்போன நம்பர் சில மாதத்தில் வேறு யாருக்கோ போய்விடும்.

ஆள் கிடைக்கவில்லையா? கடை சிஸ்டத்தில் குரோமைத் திறந்து பாருங்கள். அனேகமாக ஜிமெயில் லாகின் ஆகியே இருக்கும். இங்கேதான் எச்சரிக்கை தேவை: லாக்-அவுட் செய்யாதீர்கள், கிளீனர் சாஃப்ட்வேர் எதையும் ஓட்டாதீர்கள், உங்கள் லேப்டாப்பில் முயற்சி செய்யாதீர்கள். பழகிய சிஸ்டம், பழகிய இன்டர்நெட் என்றால்தான் கூகுள் கொஞ்சம் நம்பும். குரோமின் மூன்று புள்ளிக்குள் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர் இருக்கிறது. பாஸ்வேர்டு அதில் சேமிக்கப்பட்டிருந்தால், விண்டோஸ் பின் போட்டதும் ஓனரே பார்த்துக்கொள்ளலாம்.

பாஸ்வேர்டு கிடைத்ததும் உடனே அதை மாற்றப் பாயாதீர்கள். கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் ரெக்கவரி போனை முதலில் ஓனர் நம்பருக்கு மாற்றுங்கள், அடுத்து ரெக்கவரி மெயில். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனில் (பாஸ்வேர்டுக்கு மேல் கேட்கும் இரண்டாவது சோதனை) இருக்கும் நம்பர் வேறு இடத்தில் இருக்கிறது, அதையும் தனியாக மாற்ற வேண்டும். அதன் பிறகு புது பாஸ்வேர்டு. பிறகு ‘யுவர் டிவைசஸ்’ போய் தெரியாத போன்களை வெளியேற்றுங்கள். கடைசியாக ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். சப்ளையர் பில் சத்தமில்லாமல் வேறு மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தால், ‘எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது’ என்று போலி மெயில் வருவதற்கு அதுவே வழி.

ஓ.டி.பி. வராத நேரத்துக்காக கூகுள் பேக்கப் கோடு பத்து தரும். பிரின்ட் எடுத்து வீட்டுப் பீரோவில் வையுங்கள். பாஸ்வேர்டு மேனேஜருக்கு பிட்வார்டன் நல்லது என்பது என் கட்சி. ஆனால் அறுபது வயது அண்ணாச்சிக்கு அதைக் கற்றுக்கொடுப்பதைவிட, ஒரு நோட்டில் எழுதி வீட்டில் பூட்டி வைப்பதே மேல். மானிட்டரில் சீட்டு ஒட்டுவது மட்டும் வேண்டாம்.

நான்காவது: வாட்ஸ்அப், க்யூ.ஆர்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன், ஆறு இலக்க பின். கூடவே மெயில் முகவரியும் கொடுங்கள், இல்லாவிட்டால் பின் மறந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும். ‘லிங்க்ட் டிவைசஸ்’ பார்க்க மறக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் செல்லான் என்று வரும் ஏ.பி.கே. ஃபைலை (போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) தொடவே கூடாது.

கடை திறந்ததும் க்யூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்து சொந்தப் பெயர் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம். பணம் வந்தது என்று வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீனை நம்ப வேண்டாம், சவுண்ட் பாக்ஸ் அல்லது சொந்த ஆப்தான் சாட்சி. பணம் வாங்க பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை.

ஐந்தாவது: டாலி பேக்கப்

டாலி பிரைமில் ஆல்ட்+ஒய், பேக்கப். ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள், எடுத்ததும் கழற்றுங்கள். செருகியே இருந்தால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஆன்டிவைரஸ் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை, விண்டோஸ் டிஃபெண்டர் போதும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, பழைய சிஸ்டம் என்றால் அதைப் பேச வேண்டும். சி.சி.டி.வி. பெட்டியில் தொழிற்சாலை பாஸ்வேர்டு இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் போடுங்கள். பரிவர்த்தனையின் 12 இலக்க எண், நேரம், தொகை, பேங்க் பெயர் கையில் இருக்கட்டும். பிறகு மேலே சொன்ன சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரை முழுதாக முடிக்க வேண்டும்.

பின்சேர்க்கை 1: ரெக்கவரி நம்பரை மாற்றிய பிறகும் கூகுள் பழைய நம்பருக்கே கோடு அனுப்பவா என்று கேட்கிறதாம், இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பயப்படாதீர்கள், 7 நாள் வரை அப்படிக் காட்டக்கூடும். அதுவரை கடை சிஸ்டத்தில் ஜிமெயிலை லாக்-அவுட் செய்யாதீர்கள்.

பின்சேர்க்கை 2: கொடுங்கையூர் பக்கத்திலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் கேட்டது. யாரோ திருடிய பணத்தில் அவரிடம் சாமான் வாங்கியிருக்கிறான், அந்தத் திருட்டுப் புகாரில் இவருடைய கரண்ட் அக்கவுண்ட் முடங்கிவிட்டது. பேங்கில் கத்திப் பயனில்லை. புகார் எண், எந்த மாநில ஸ்டேஷன், எவ்வளவு தொகை என்ற மூன்றையும் பேங்கிடம் கேட்டு வாங்குங்கள். அந்த ஸ்டேஷனுக்கு பில் நகலோடு மெயில் அனுப்புங்கள். முழுக் கணக்கையும் விட்டுவிட்டு, சர்ச்சைத் தொகையை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லி பேங்க் மேனேஜரிடமும் எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். யு.பி.ஐ. விற்பனைக்கும் பில் போடுகிறவர்களுக்குத்தான் இது சுலபம்.